விழிக்க மறுத்த கணிப்பொறி



செகந்திராபாத் ரயில் நிலையத்தில் இறங்கி, மௌலா அலி வழியாகச் செல்லும் நகரப் பேருந்தில் ஏறி அமர்ந்தால், ஈ.சி.ஐ.எல். நாற்சந்தி என்ற நிறுத்தம் வரும். அதை அடுத்திருப்பது குஷாய்குடா. காய்கறிச் சந்தை, பேருந்துப் பணிமனை, சிறு தொழிற்கூடங்கள், இவற்றினிடையே நெருங்கி வளர்ந்துவிட்ட வீடுகள், இவையே ஊர். தெலுங்கும் உருதுவும் இந்தியும் ஒரே தெருவில் ஒலிக்கும். செவி கொடுத்துக் கேட்டால், ஏதேனும் ஒரு மாடியிலிருந்து தமிழும் ஒலிக்கும். பிழைப்பின் பொருட்டு வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் நம்மைப் போல் பல இங்கு உண்டு.

நாற்சந்திக்குப் பெயர் தந்த ஈ.சி.ஐ.எல்., அதாவது இந்திய மின்னணுவியல் கழகம், 1967-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11-ஆம் நாள் அணுசக்தித் துறையின்கீழ்த் தொடங்கப்பெற்றது. அதனை உருவாக்கி நடத்தியவர் டாக்டர் ஏ. எஸ். ராவ். அவர் பெயரைத் தாங்கிய குடியிருப்பு நாற்சந்திக்கு அருகிலேயே இருக்கிறது. டிராம்பேயில் வடிவமைக்கப்பெற்ற டி.டி.சி.-12 என்னும் கணிப்பொறி 1969-இல் வெளிவந்தது. அதன் வழிவந்த டி.டி.சி.-312 என்பதை 1974-இலும், டி.டி.சி.-316 என்பதை 1975-இலும் இந்நிறுவனம் நாட்டுக்கு அளித்தது. மின்னணு வாக்குப்பதிவுக் கருவியின் முதல் மாதிரியை 1979-இல் செய்து காட்டியதும் இதே நிறுவனந்தான். கணிப்பொறி என்ற சொல்லே நம்மில் பெரும்பாலோர்க்குப் புதிதாயிருந்த நாளில், கணிப்பொறியையே செய்த ஊர்ப்பக்கம் இது என்று சொன்னால் மிகையாகாது.

இத்தகைய ஊரில் குடியிருந்துகொண்டு, நம் வீட்டு மேசையிலிருந்த கணிப்பொறி ஒரு நாள் விழிக்கவில்லை என்றவுடன் நாம் அடைந்த கலக்கத்தை நினைத்தால் இப்போது நமக்கே சிறிது வெட்கமாக இருக்கிறது. நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிகிறோம். கல்லூரியில் பயின்றது வரலாறு. மின்சாரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம், மாதந்தோறும் அதற்குக் கட்டணச் சீட்டு வரும் என்பது ஒன்றுதான்.

கலக்கத்துக்குக் காரணம் பெட்டியின் விலை அன்று. நம் மனைவியார் ஆறு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் காலையில் வீட்டு முன்கூடத்தில் தமிழ் வகுப்பு நடத்தி வருகிறார். பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கும் தமிழ்க் குழந்தைகள் பதினான்கு பேர் வருகின்றனர். வீட்டில் தமிழ் பேசுவார்கள். ஆனால் அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் அவர்களுக்கு முற்றிலும் பொருந்துவதில்லை. அதில் வரும் வயலும் வரப்பும் அவர்கள் காணாதவை. ஆகவே குஷாய்குடாச் சந்தையையும், மௌலா அலிக் குன்றையும், போனாலு விழாவையும், அண்டை வீட்டுத் தெலுங்குப் பாட்டியையும் வைத்து நாமிருவருமாகப் பாடங்கள் எழுதினோம். நாற்பத்து மூன்று பாடங்கள். அத்தனையும் அந்தப் பெட்டிக்குள். வேறெங்கும் படி எடுத்து வைக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். அலுவலகத்தில் ஒவ்வொரு தாளுக்கும் மூன்று படி எடுக்கும் மனிதன், வீட்டில் ஒரு படியும் எடுப்பதில்லை, இதுதான் விடை.

ஒரு சனிக்கிழமை மாலை. மறுநாளைய பாடத்தை அச்செடுக்க வேண்டும். பொத்தானை அழுத்தினோம். விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை. மீண்டும் அழுத்தினோம். பின்னர், எல்லோரும் செய்வதுபோல், பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினோம். அதற்கும் அது அசையவில்லை.

பெட்டியை ஆட்டோவில் ஏற்றிப் பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த இளைஞர் மின்கம்பியைச் செருகிப் பொத்தானை இருமுறை அழுத்தினார். மூடியைத் திறக்கவேயில்லை. "மதர்போர்டு போய்விட்டது சார்" என்றார். பழைய வகைப் பலகை இனிக் கிடைக்காது. புதிய பலகை போட்டால் அதற்கேற்ற செயலியும் நினைவகமும் வேண்டும். ஏறக்குறைய பதினான்காயிரம் ரூபாய் ஆகும். உள்ளே இருப்பவை தப்புமா என்பதற்குத் தம்மால் உறுதி கூற இயலாது என்றார். நாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினோம். மனைவியார் ஒன்றும் பேசவில்லை. நாற்பத்து மூன்று பாடங்களில் முப்பதுக்கு மேல் அவர் எழுதியவை.

நம் தெருக்கோடியில் ஒரு பெரியவர் வசிக்கிறார். தஞ்சை மாவட்டத்துக்காரர். எழுபதுகளின் நடுவில் இளம் வயதிலேயே இங்கு வேலைக்கு வந்து, கணிப்பொறிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். வகுப்புக்கு வரும் இரு குழந்தைகள் அவருடைய பேரப்பிள்ளைகள். அன்றிரவு செய்தி கேட்டு வந்தவர், பெட்டியைத் தொடவில்லை. நாற்காலியில் அமர்ந்து ஒரு கேள்வி கேட்டார்:

"தம்பி, இது எழவில்லையா, எழுந்தும் பேசவில்லையா?"

நமக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். கணிப்பொறி வேலை செய்யவில்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்கிறோமே, அதில் இருவேறு நோய்கள் அடங்கியுள்ளன. விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, ஆனால் திரை மட்டும் இருண்டிருக்கிறது என்றால், மின்சாரம் உள்ளே வந்துவிட்டது. குறை திரையிலோ, திரைக்குச் செல்லும் கம்பியிலோ, நினைவகத்திலோ இருக்கலாம். விசிறியும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் மின்சாரம் வந்து சேரவில்லை, அல்லது வந்தும் ஏற்கப்படவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் சொல்லும் தீர்ப்பு எதுவாயினும் அது வெறும் ஊகமே என்றார். கடைக்காரரின் தீர்ப்பு நினைவுக்கு வந்தது.

நம்முடையது எழாத வகை.

"அப்படியானால் சுவரிலிருந்து தொடங்குவோம்" என்றார் பெரியவர்.

சுவரிலுள்ள துளையில் 230 வோல்ட் மின்சாரம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? வேறொரு மேசை விளக்கை அதே துளையில் செருகிப் பார்ப்பது. விளக்கு எரிந்தது. அடுத்து, மின்தடையின்போது உதவும் யூ.பி.எஸ். என்னும் பெட்டி. அதிலுள்ள மின்கலம் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். தளர்ந்த பின்னர் வெளியே பச்சை விளக்குக் காட்டிக்கொண்டே உள்ளே கையை விரித்துவிடும் யூ.பி.எஸ்.கள் ஏராளம். கணிப்பொறி போய்விட்டது என்று கடைக்குத் தூக்கி வரப்படும் பெட்டிகளில் எத்தனையோ, உண்மையில் யூ.பி.எஸ். செய்த வஞ்சனையால் வந்தவை என்று அவர் சிரித்துக்கொண்டே கூறினார். கடையில் யூ.பி.எஸ். இல்லாமல் நேரே செருகுவதால் பெட்டி உடனே எழுந்துவிடும். அதற்கும் ஒரு தொகை வாங்கிக்கொள்வாரும் உண்டு. நாம் யூ.பி.எஸ்.ஸை விலக்கிச் சுவரிலேயே நேரே செருகினோம். பயனில்லை.

பின்னர்க் கம்பி. கணிப்பொறிக்கும் திரைக்கும் வரும் மூன்று முனைக் கம்பிகள் பெரும்பாலும் ஒரே வகையின. ஆதலால் திரையின் கம்பியை எடுத்துப் பெட்டியில் செருகிப் பார்க்கலாம். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டுவதில்லை. பெட்டியின் பின்புறத்தில், கம்பி செருகும் இடத்துக்கருகே ஒரு சிறு சுவிட்சு இருக்கும். அதில் ஒரு பக்கம் நேர்க்கோடும் மறுபக்கம் வட்டமும் பொறித்திருக்கும். கோட்டுப் பக்கம் அழுந்தியிருந்தால் மின்சாரம் உண்டு. வட்டம் என்றால் இல்லை. வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது மாறிவிடுவதுண்டு. பழைய பெட்டிகள் சிலவற்றில் சிவப்பு நிறத்தில் இன்னொரு சுவிட்சும் உண்டு. அது 115, 230 என்ற இரு மின்னழுத்தங்களுள் ஒன்றைத் தேர்வது. நம் நாட்டில் அதை 230-இலேயே விட்டுவிட வேண்டும். விளையாட்டாக மாற்றிவைத்துச் செருகினால் அந்த நொடியே மின்வழங்கி வெடித்துப் புகையும்.

இவையனைத்தும் சரியாக இருந்தன. நம் முகம் வாடியதைக் கண்டு அவர் சொன்னார்: "நல்லதுதானே தம்பி! நான்கு இடங்களில் குறை இல்லை என்று தெரிந்துவிட்டது. இனித் தேட வேண்டிய காடு சிறியது."

இந்தச் சொல் நம் மனத்தில் தைத்தது. குறை கிடைக்காத இடமும் ஒரு செய்தியே என்று நாம் எண்ணியதில்லை. அவர் பழகிய முறை அது. இந்நாட்டின் முதற் கணிப்பொறிகளுள் ஒன்றான டிஃப்ராக்கை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கி 1960-இல் இயக்கினார்கள். அக்குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்தவர். பெயர் சூட்டியவர் பிரதமர் நேரு, ஆண்டு 1962. அதில் ஏறத்தாழ 2,700 வால்வுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று மங்கினாலும் கணக்குத் தவறக்கூடும். எந்த ஒன்று? எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடும் செல்வம் அன்று எவரிடத்தும் இல்லை. எனவே தேடத் தெரிந்திருக்க வேண்டும். வால்வுகள் போய், அலமாரி போன்ற பெட்டிகளில் அட்டை அட்டையாகச் சுற்றுப்பலகைகளை அடுக்கிய காலத்திலும் அதே நிலைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைக் குறித்து வை, பயனில்லையெனில் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்: இதுவே தாம் முதல் நாள் கற்ற பாடம் என்றார். இரண்டை ஒருங்கே மாற்றிக் கருவி எழுந்துவிட்டால், எது காரணம் என்று ஒருநாளும் தெரியாமற்போகும்.

அடுத்து அவர் சொன்னது, நம்மைப் போன்ற அரசு ஊழியர்க்கு மிகவும் எளிதில் விளங்கக்கூடியது. முகப்பிலுள்ள பொத்தான் மின்விளக்கின் சுவிட்சைப் போன்றதன்று. விளக்கின் சுவிட்சு மின்சாரத்தையே திறந்து மூடுகிறது. கணிப்பொறியின் பொத்தான் அவ்வாறு ஒன்றும் செய்வதில்லை. அது ஒரு விண்ணப்பம் மட்டுமே அனுப்புகிறது!

எவ்வாறெனில், பெட்டியின் ஒரு மூலையில் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கி அமர்ந்திருக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை வாங்கி, அதை 12, 5, 3.3 வோல்ட் என்ற சிறு அளவுள்ள நேர்மின்சாரமாக மாற்றித் தருவது அதன் பணி. கணிப்பொறி உறங்கும்போதுங்கூட, கம்பி செருகியிருக்கும் வரை, அது 5 வோல்ட் சிறு மின்னோட்டம் ஒன்றை மட்டும் தாய்ப்பலகைக்கு அனுப்பிக்கொண்டேயிருக்கும். இரவுக் காவலாளிக்கு வைத்த சிமினி விளக்குப் போல. நாம் பொத்தானை அழுத்தினால், அதிலிருந்து வரும் இரு மெல்லிய கம்பிகள் ஒரு கணம் ஒன்றையொன்று தொடும். தாய்ப்பலகை அதை உணர்ந்து, மின்வழங்கிக்குப் பச்சைக் கம்பி ஒன்றின் வழியே "முழு மின்சாரமும் தருக" என்று பரிந்துரைக்கும். மின்வழங்கி முழு மின்சாரத்தையும் திறந்து, அளவுகள் சரியாக உள்ளன என்று திரும்பச் சான்று அனுப்பும். அதன் பின்னரே செயலி கண் விழிக்கும். விண்ணப்பம், பரிந்துரை, ஒப்புதல், சான்று! நம் அலுவலகத்துக் கோப்பு ஒன்று நான்கு மேசைகளைக் கடப்பதற்கு நான்கு வாரமாகும். இங்கே ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது என்பதே வேறுபாடு.

ஆகவே கேள்வி, கணிப்பொறி செத்ததா என்பதன்று. கோப்பு எந்த மேசையில் நின்றது என்பதே.

பெட்டியின் பக்க மூடியைத் திருப்புளியால் திறந்தார் பெரியவர். திறப்பதற்கு முன் கம்பியைப் பிடுங்கி, முகப்புப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துபோவதற்கு அது வழி. சில சமயம், தேங்கியது வடிந்த பின்னர் மீண்டும் செருகினால் பெட்டி தானே எழுந்துவிடுவதும் உண்டு. பிறகு பெட்டியின் உலோகச் சட்டத்தை ஒரு முறை தொட்டுக்கொள்ளச் செய்தார். நம் உடலில் தங்கிய நிலைமின்சாரம் நினைவகத்தைக் கெடுத்துவிடக்கூடும். சட்டத்தைத் தொட்டால் அது நீங்கிவிடும்.

உள்ளே ஹைதராபாத்தின் கோடைக்காலத் தூசி முழுவதும் குடியேறியிருந்தது. ஒரு மூலையில் உலர்ந்துபோன பல்லியின் வால். மனைவியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவர் மென்மையான தூரிகையால் துடைத்தவாறே தாய்ப்பலகையின் மீது ஒவ்வோரிடமாகக் கண்ணோட்டினார். சிறிய உருளைகள் நிற்கின்றனவே, அவை மின்தேக்கிகள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் ஏதேனும் கசிந்திருந்தாலோ பலகைக்கு நோய் என்று பொருள். 2000-ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில் உலகெங்கும் பழுதான மின்தேக்கிகள் பெருமளவில் விற்பனையாகி, பல நாடுகளில் கணிப்பொறிகள் அகாலத்தில் மாண்டன. நம் பலகையில் எல்லாம் தட்டையாகவே நின்றன.

பின்பு கம்பியை மீண்டும் செருகி, பலகையின் ஓரத்தைக் காட்டினார். கடுகளவு பச்சை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

"பார்த்தீர்களா? காவல் விளக்கு எரிகிறது. மின்வழங்கி உயிரோடிருக்கிறது. பலகைக்கும் மின்சாரம் வருகிறது. மூடியைத் திறந்திருந்தால் அந்தப் பிள்ளையும் இதைப் பார்த்திருப்பான்" என்றார். எல்லாப் பலகைகளிலும் இவ்விளக்கு இராது. நம்முடையதில் இருந்தது நம் நல்லூழ்.

முகப்புப் பொத்தானிலிருந்து வரும் இரு கம்பிகள் பலகையில் ஊசி போன்ற இரு முனைகளில் பொருத்தப்பட்டிருந்தன. அதை மெல்லக் கழற்றினார். திருப்புளியின் நுனியால் அவ்விரு ஊசிகளையும் ஒரு கணம் சேர்த்துத் தொட்டார். பொத்தான் செய்யும் வேலையையே திருப்புளி செய்தது, அவ்வளவுதான்.

விசிறி சுழன்றது. திரையில் எழுத்துகள் தோன்றின.

கூடத்தில் யாரும் ஒரு சொல்லும் பேசவில்லை. மனைவியார் சமையலறைக்குள் சென்றுவிட்டார். சற்று நேரத்தில் காபி வந்தது. அதில் வழக்கத்தை விடச் சர்க்கரை அதிகமாக இருந்ததை நாம் சுட்டிக்காட்டவில்லை.

குறை எதில் என்றால், பொத்தானில். பல்லாயிரம் முறை அழுத்தி அழுத்தி அதன் உள்ளே இருந்த தகடு தேய்ந்து ஒடிந்துவிட்டது. விண்ணப்பமே போய்ச் சேராதபோது ஒப்புதல் எங்கிருந்து வரும்? புதுப் பொத்தான் வாங்க வேண்டியதும் இல்லை. கணிப்பொறியை மறுபடி தொடங்கச் செய்யும் சிறு பொத்தான் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை. அதன் கம்பியை எடுத்து இந்த ஊசிகளில் மாட்டிவிட்டார். செலவு ஒன்றுமில்லை. இன்றுவரை அச்சிறு பொத்தானால்தான் நாம் கணிப்பொறியை எழுப்புகிறோம்.

கடை இளைஞரைக் குறை கூறுவதற்காக இதை நாம் சொல்லவில்லை. அவரிடம் ஒரு நாளைக்கு எத்தனையோ பெட்டிகள் வரும். தேடுவதற்குக் கூலி தருவாரில்லை, மாற்றுவதற்குத்தான் தருகிறோம். ஆனால் அன்று நாம் அச்சத்தில் பதினான்காயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்திருப்போம் என்பதும், பழைய பெட்டியைக் கடையிலேயே விட்டுவந்திருப்போம் என்பதும் உண்மை. பாடங்களும் அதனுடனேயே போயிருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தாய்ப்பலகை எரிந்தே போயிருந்தாலும், மின்வழங்கி வெடித்தே போயிருந்தாலும், பாடங்கள் பெரும்பாலும் அழிந்திரா. எழுதியவை இருப்பது வட்டில். அது தனியாகக் கழற்றக்கூடிய ஒரு சிறு பெட்டி. அதை எடுத்து, தகுந்த இணைப்புக் கம்பியால் வேறொரு கணிப்பொறியில் சேர்த்தால் உள்ளிருப்பவற்றைப் படித்துவிடலாம். வீடு இடிந்தாலும் இரும்புப் பெட்டி கிடைப்பது போல. பெரியவர் வேலைக்கு வந்த காலத்துக் கணிப்பொறிகளில் நினைவகம் என்பது மிகச் சிறிய காந்த வளையங்களைக் கம்பியில் கோத்துப் பின்னியதாக இருந்தது. மின்சாரம் நின்றாலும் அவ்வளையங்கள் தாம் கொண்டதை மறப்பதில்லை. இன்றைய நினைவகப் பட்டைகள் மின்சாரம் நின்ற கணமே எல்லாவற்றையும் மறந்துவிடுகின்றன. ஆனால் வட்டு மறப்பதில்லை. ஆகையால், பழுதான கணிப்பொறியை யாரிடம் கொடுத்தாலும், வட்டைத் தம்மிடம் வைத்துக்கொண்டு கொடுப்பதோ, அதிலுள்ளவற்றை அழிக்கலாகாது என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பதோ நலம்.

சில மாதங்களுக்குப் பிறகு, ஜூன் மாதத்து முதல் மழையில், இடியோடு மின்சாரம் ஏறி இறங்கிய இரவொன்றில், அதே கணிப்பொறி மறுபடியும் எழவில்லை. இம்முறை நாம் கலங்கவில்லை. சுவர், யூ.பி.எஸ்., கம்பி, பின்சுவிட்சு என்று வரிசையாகப் பார்த்தோம். மூடியைத் திறந்தோம். கடுகு விளக்கு எரியவில்லை. பெரியவரைத் தேடிச் சென்று, "ஐயா, காவலாளி இல்லை" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. மின்வழங்கியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார்; கருகிய மணம். "இதைத் திறக்க வேண்டாம்" என்று தடுத்தார். மின்வழங்கியின் உள்ளே, சுவர்க் கம்பியைப் பிடுங்கிய பிறகும் சிறிது காலம் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அது ஆளைக் கொல்லத் தக்கது. கணிப்பொறியின் மற்ற எந்த உறுப்பையும் தொட்டுப் பார்க்கலாம். அந்த உலோகப் பெட்டியை மட்டும் திறத்தல் ஆகாது. பழுதென்றால் அப்படியே மாற்றிவிட வேண்டும். செகந்திராபாத் பார்க் லேனுக்குச் சென்று, பழையதன் மேல் ஒட்டியிருந்த வாட் அளவைப் பார்த்து அதற்குக் குறையாத ஒன்றை வாங்கி வந்தோம். மாற்றியவுடன் கணிப்பொறி எழுந்தது. தேவையற்ற பொருள் ஒன்றும் நாம் வாங்கவில்லை.

முகப்பும் காவல் விளக்கும் மின்வழங்கியும் சரியாயிருந்தும் எழாத பெட்டிகள் உண்டு. அத்தகையவற்றில் இன்னும் சில இடங்களைப் பார்க்க வேண்டும் என்று அவர் பின்னொரு நாள் கூறினார். நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை எழுதுகோல் அழிக்கும் ரப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் அழுத்திச் செருகுவது ஒன்று. எங்கேனும் கழன்று விழுந்த திருகாணி ஒன்று பலகையின் அடியில் சிக்கி மின்சாரத்தைக் குறுக்கே பாய்ச்சுகிறதா என்று பார்ப்பது ஒன்று. செயலிக்கெனத் தனியே வரும் சிறு இணைப்புக் கம்பி தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது மற்றொன்று. நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் பலகையில் உண்டு. அது தீர்ந்தால் பெரும்பாலும் கடிகாரந்தான் பிழைக்கும், பெட்டி எழாமற்போவது அரிது. பல கடைகளில் முதலில் அதைத்தான் மாற்றுகிறார்களாம். விலை குறைவு, வாடிக்கையாளருக்கும் ஏதோ நடந்தது போல் இருக்கும் என்று சொல்லிச் சிரித்தார்.

வேறு மாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகளில் இப்படிப்பட்ட பெட்டி ஒன்று எங்கேனும் இருக்கும். சிலருக்கு அதில் பிள்ளையின் கல்விச் சான்றுகள்; சிலருக்கு ஊரிலுள்ள நிலத்தின் பத்திரப் படிகள்; சிலருக்கு மறைந்த தாயாரின் குரல். உள்ளூர் மொழி சரளமாக வராத இடத்தில் கடைக்காரர் சொல்வதே தீர்ப்பாகிவிடுகிறது. எனவே கடைக்குச் செல்லும்போது "வேலை செய்யவில்லை" என்று சொல்லாமல், "சுவரில் மின்சாரம் உண்டு, கம்பி மாற்றிப் பார்த்தாயிற்று, விசிறி சுழலவில்லை, பலகையில் விளக்கு எரிகிறது" என்று சொல்லிப் பாருங்கள். எந்த மொழியிலாயினும் சரி. கேட்பவர் உடனே மூடியைத் திறப்பார்.

செம்பு நிறத் திருகாணிகள் நான்கை நாம் முதன்முறையாக நம் கையாலேயே பூட்டிய அந்தச் சனிக்கிழமை இரவு, பாடங்கள் நாற்பத்து மூன்றையும் ஒரு வெளிவட்டில் ஒரு படியும், மனைவியாரின் தம்பி வசிக்கும் கோவைக்கு மின்னஞ்சலில் ஒரு படியும் எடுத்தோம். முடியும்போது மணி ஒன்றரை.

மறுநாள் வகுப்பில், முதல் நாள் நடந்ததை மனைவியார் குழந்தைகளுக்குக் கதையாகச் சொன்னார். பொத்தான், விண்ணப்பம், காவல் விளக்கு எல்லாம் வந்தன. கணிப்பொறியின் அந்தப் பொத்தானுக்குத் தமிழில் என்ன பெயர் என்று ஒரு சிறுவன் கேட்டான். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் எல்லோரும் நம்மைப் பார்த்தார்கள். நாம் மின்விசை, இயக்கு விசை, தொடக்கப் பொத்தான் என்று இரண்டு மூன்று சொற்களைச் சொன்னோம். ஒன்றும் அவர்கள் முகத்தில் ஒட்டவில்லை. பெரியவரின் பேத்தி, ஒன்பது வயதுச் சிறுமி, தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதி நம்மிடம் நீட்டினாள். "எழுப்பி" என்று எழுதியிருந்தாள். நாற்பத்து நான்காம் பாடத்தில் அச்சொல்லையே வைத்துக்கொண்டோம்.